நா உலர்வது ஏன்? மனம் சோர்வது ஏன்?

முற்காலத்தில் நம் நாட்டில் குற்றத்தை விசாரிக்க அரிசியைப் பயன்படுத்தியது உண்டு. சந்தேகத்துக்கு உரியவர்கள் அனைவருக்கும் பூசை செய்த அரிசியைக் கொடுத்து மெல்லச் சொல்வார்கள். சற்று நேரம் கழித்து அதை அரச இலையில் உமிழ வேண்டும். எவருடைய அரிசி நனையாமல் உலர்ந்து விழுகிறதோ அவரே குற்றவாளி எனத் தீர்ப்பாகும். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன், அச்சமும் சினமும் உடலில் விளைக்கும் மாற்றங்களைப் பற்றி 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்த அரிசிச் சோதனையை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இச்சோதனையில் உண்மையும் உண்டு, பெரும் பிழையும் உண்டு. அச்சத்தில் உமிழ்நீர் வற்றும் என்பது உண்மை. ஆனால், வற்றிய வாய் அச்சத்தைக் காட்டுமே தவிரக் குற்றத்தைக் காட்டாது. ஊரார் முன் அவமானப்பட நேருமோ என்று நடுங்கும் நிரபராதியின் அரிசியும் உலர்ந்துதான் இருக்கும். கைதேர்ந்த திருடனோ நன்றாக மென்று நனைத்துத் துப்பிவிட்டுப் போய்விடுவான்.

நம் கல்லூரிகளில் இந்த அரிசிச் சோதனை இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. வாய்மொழித் தேர்வு என்று அதற்குப் பெயர். முறுக்கு ஊசலைக் கொண்டு ஒரு கம்பியின் விறைப்புக் குணகத்தைப் பிழையின்றிக் கண்டறிந்த மாணவர், புறத்தேர்வாளர் முன் வந்து நின்றதும் 'விறைப்புக் குணகம் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு விழிக்கிறார். நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. 'இவர் ஒன்றும் படிக்கவில்லை' என்று தேர்வாளர் முடிவு செய்கிறார். அதைவிட வருந்தத்தக்கது, மாணவரும் தம்மைப் பற்றி அவ்வாறே முடிவு செய்துவிடுவதுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வருபவர்களிடம், அதிலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்களிடம், இதை நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். முதலில் வாய்மொழித் தேர்வு நாளன்று மட்டும் காய்ச்சல் வரும். பின்பு கருத்தரங்கில் பேச வேண்டிய நாளிலும் வரும். பின்பு, கேள்வி கேட்கும் பழக்கமுள்ள ஆசிரியரின் வகுப்பு என்றாலே விடுதி அறையில் தங்கிவிடுவார். ஓராண்டு கழிந்தபின் விசாரித்தால், "படிப்பில் மனமே செல்லவில்லை சார்" என்பார். வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர். அச்சமும் நாட்டமின்மையும் தொடர்பற்ற இரண்டு குறைகள் போலத் தோன்றினாலும், பல மாணவரிடம் முன்னது பின்னதை ஈன்றெடுக்கிறது. எவ்வாறு என்று பார்ப்போம்.

உடலின் ஆயத்தம்

மூளையின் உட்பகுதியில், நெற்றிப்பொட்டுகளுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக வாதுமைப்பருப்பு வடிவில் இரு நரம்பணுத் திரள்கள் உள்ளன. இவற்றுக்கு அமிக்டலா என்று பெயர். ஆபத்து என்று கருதத்தக்க எதையேனும் புலன்கள் தெரிவித்தால், நாம் ஆராய்ந்து முடிவு செய்யும் முன்பே இவை எச்சரிக்கை விடுக்கின்றன. அந்த எச்சரிக்கை பரிவு நரம்பு மண்டலத்தின் வழியே உடலெங்கும் செல்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குச் செல்வது மிகுகிறது. வயிற்றைப் பிசைவது போல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தசைகள் விறைத்து நடுங்குகின்றன. உள்ளங்கை வியர்க்கிறது. செரிமானம் அப்போதைக்குத் தேவையற்ற வேலை ஆகையால் உமிழ்நீர்ச் சுரப்பு குறைந்து நா உலர்கிறது.

போரிடவோ ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று கானன் விளக்கினார். புலியைக் கண்டவனுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. புறத்தேர்வாளரோடு போரிடவும் முடியாது, ஓடவும் முடியாது. (சிலர் ஓடிவிடுகிறார்கள். அதைப் பின்னர்க் காண்போம்.)

அச்சம் முற்றிலும் கெடுதி என்றும் கூறிவிட முடியாது. 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இரு அறிஞர்கள் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். எலி இரண்டு பெட்டிகளுள் சரியானதைத் தேர்ந்து நுழைய வேண்டும், தவறினால் மின்னதிர்ச்சி. இரண்டு பெட்டிகளையும் எளிதில் வேறுபடுத்தக் கூடியதாக இருந்தபோது, அதிர்ச்சி வலுவாக இருக்க இருக்க எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு நுட்பமாக இருந்தபோதோ, நடுத்தர அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன. வலுவான அதிர்ச்சியில் தடுமாறின. எலியிலிருந்து மாணவருக்குத் தாவுவது பெரிய தாவல்தான் என்றாலும், நம் அனுபவம் இதற்கு ஒத்தே இருக்கிறது. அஞ்சி ஓடுவதற்கு நுட்பம் தேவையில்லை. நினைவில் உள்ள ஒரு வரையறையை எடுத்து, அதைப் பழக்கமில்லாத மொழியில் வாக்கியமாக அமைத்து, ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது மிக நுட்பமான வேலை. அதிலும் தமிழ்வழி மாணவர் ஒரே நொடியில் இயற்பியலும் மொழிபெயர்ப்பும் செய்கிறார். அவர் தடுமாறினால் முதலில் ஐயுற வேண்டியது அவருடைய அறிவையன்று.

ஒலிபெருக்கியின் ஊளை

ஊர்த் திருவிழாவில் மைக் பிடித்தவர் ஒலிபெருக்கியின் அருகில் போய்விட்டால் காதைத் துளைக்கும் ஊளை எழுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் மெல்லிய ஒலி மைக்கில் நுழைகிறது. பெருக்கப்பட்டு மீண்டும் ஒலிபெருக்கியில் வருகிறது. முன்னிலும் வலுவாக மைக்கில் நுழைகிறது. சில நொடிகளில் கருவி தன்னால் இயன்ற உச்ச அளவில் அலறத் தொடங்குகிறது. இதை நேர்ப் பின்னூட்டம் என்பர். கவனிக்க வேண்டியது என்னவெனில், இந்த ஊளைக்குப் பெரிய ஒலி எதுவும் காரணம் இல்லை. சுற்று மூடியிருப்பதே காரணம்.

கூச்சம் உடையவரின் கவனமும் இவ்வாறே தம்மீது திரும்பி நிற்கிறது. கை சற்று நடுங்குகிறது. 'ஐயோ, நடுங்குகிறதே, எல்லாரும் பார்க்கிறார்களே' என்ற எண்ணமே இன்னோர் ஆபத்தாகி அட்ரினலினை மேலும் சுரக்கச் செய்கிறது. கை மேலும் நடுங்குகிறது.

எல்லாரும் உண்மையில் பார்க்கிறார்களா? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மாணவர்கள் அணிந்துகொள்ள வெட்கப்படக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை ஒருவருக்கு அணிவித்து, பலர் அமர்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினர். பின்னர், 'எத்தனை பேர் உங்கள் பனியனில் யார் படம் என்று கவனித்திருப்பார்கள்?' எனக் கேட்டனர். ஏறத்தாழப் பாதிப்பேர் என்று அவர்கள் மதிப்பிட்டனர். அறையில் இருந்தவர்களைக் கேட்டபோது, கவனித்தவர்கள் கால்பங்கினரே.

அதைவிடச் சுவையானது சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. மேடைப்பேச்சுக்கு முன் மாணவர் சிலரிடம், 'உங்கள் உள்ளப் படபடப்பு நீங்கள் எண்ணும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை' என்ற செய்தியை மட்டும் விளக்கினர். அதைக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினர். பேசியவர்கள் மட்டும் அல்லர், பார்த்தவர்களும் அவ்வாறே மதிப்பிட்டனர். 'அஞ்சாதே' என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அஞ்சாதே என்று சொல்வதால் அச்சம் போனதை நான் இதுவரை கண்டதில்லை.

ஊளையை நிறுத்த மைக்கை அப்பால் திருப்புகிறோம். அதுபோலக் கவனத்தைத் தம் கையிலிருந்து கருவிக்குத் திருப்பலாம். 'இதோ இந்த வட்டத்தட்டு, இதில் இந்த இரு நிறைகளை வைத்தேன்' என்று விரலால் சுட்டிக்காட்டிப் பேசத் தொடங்கும் மாணவர், சுட்டாமல் பேசுபவரைவிடத் தெளிவாகப் பேசுகிறார். மூச்சும் உதவும். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து நாடியில் விரல் வைத்து இதை நீங்களே உணரலாம். ஆகவே, உள்மூச்சைவிட வெளிமூச்சை நீளமாக விடுவது இதயத்தைத் தணிக்கும் வழியாகும். இது பெரிய மருந்தன்று. தேர்வறை வாசலில் நிற்கும் இரண்டு நிமிடத்துக்கு உதவும்.

தப்பித்தால் வளரும் அச்சம்

இப்போது ஓடிவிடுபவர்களைக் காண்போம். கருத்தரங்கு நாளில் விடுதியில் தங்கிவிட்ட மாணவருக்குப் பத்து மணி வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். பத்தரை மணிக்கு, 'இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள்' என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி பிறக்கும். இந்த நிம்மதிதான் கேட்டின் வேர். எந்தச் செயலைத் தொடர்ந்து இன்பமோ நிம்மதியோ கிட்டுகிறதோ அந்தச் செயலை உயிரினங்கள் மீண்டும் செய்யும். தப்பித்தலுக்கு உடனடிக் கூலி கிடைத்துவிட்டது. அதோடு, போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று அறியும் வாய்ப்பும் போயிற்று. அச்சம் ஏறியதை மட்டும் அவர் உடல் அறியும். அது தானே இறங்கும் என்பதை அறியாது. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் தேர்வாளர் இன்னும் ஓர் அடி உயரமாகிறார்.

இதற்கு மாற்று வழியை 1924ஆம் ஆண்டிலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் காட்டினார். முயலைக் கண்டால் அலறும், மூன்று வயதும் நிரம்பாத ஒரு சிறுவன். ஆய்வுக் கட்டுரையில் அவனுக்குப் பீட்டர் என்று பெயர். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து உண்ணும்போது, கூண்டில் அடைத்த முயலை அறையின் கோடியில் வைத்தார்கள். அவன் அழாத தூரமே அன்றைய தூரம். நாளடைவில் கூண்டு நெருங்கியது. பின்பு கூண்டும் போயிற்று. இறுதியில் தன் விரலை முயல் மெல்லக் கொறிப்பதற்கும் அவன் விட்டுக்கொடுத்தான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958இல் வெளியிட்ட நூலில் இத்தகைய படிப்படியான அணுகுமுறையை முதியவர்களின் அச்சங்களுக்கும் உரிய சிகிச்சையாக வகுத்தார்.

கல்லூரி மாணவருக்கு இதில் தூரம் என்பது என்ன? மீட்டர் அளவிலான தூரம் அன்று. எத்தனை பேர், எந்த மொழி, எவ்வளவு நேரம் என்பவையே தூரம். அறைத் தோழர் ஒருவரிடம் ஒரு சோதனையைத் தமிழில் விளக்குவது தொலைவிலுள்ள முயல். அதையே ஆங்கிலத்தில் சொல்வது சற்று நெருங்கிய முயல். வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் சென்று, முன்னமே எழுதி வைத்துக்கொண்ட ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது, வகுப்பின் நடுவே கேட்பது, ஐந்து நிமிடம் கரும்பலகை முன் நிற்பது என்று படி ஏறலாம். ஒரு படியில் நிற்கும்போது அச்சம் இறங்கும் வரை நிற்க வேண்டும் என்பது முக்கியம். உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிட்டால், படி ஏறியதும் தப்பித்தல் கணக்கில் சேர்ந்துவிடும். முன்னே தள்ளி மேடையேற்றிவிட்டால் கூச்சம் தெளிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பீட்டரின் மடியில் முதல்நாளே முயலைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். வகுப்பில் ஒரு மாணவரின் உச்சரிப்பைப் பழித்துச் சிரிப்பு வாங்கும் ஆசிரியரைப் பற்றி நான் இங்கு எதுவும் கூறவில்லை. அவர் செய்வது பாடம் நடத்துவது அன்று.

கூச்சம் வேறு, நோய் வேறு. இயற்பியல் மாணவர் அனைவரும் அறிந்த பால் டிராக் மிகக் குறைவாகப் பேசுபவர். மணிக்கு ஒரு சொல் என்பதை 'ஒரு டிராக்' என்னும் அலகாக வைத்துக் கேம்பிரிட்ஜ் நண்பர்கள் கேலி செய்தனர். 1933இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, விளம்பரத்துக்கு அஞ்சி அதை மறுத்துவிட எண்ணினார். மறுத்தால் இன்னும் பெரிய விளம்பரம் ஆகும் என்று ரூதர்போர்டு எடுத்துச் சொன்ன பிறகே ஏற்றார். ஆனால் அவர் விரிவுரை ஆற்றாமல் இருந்துவிடவில்லை. பேச்சு குறைந்தவர் பேச வேண்டிய இடத்தில் பேசிவிட்டால் போதும். அவர் கலகலப்பானவராக மாற வேண்டியதில்லை.

நாட்டமின்மை பிறக்கும் விதம்

வகுப்புக்குச் செல்லாதவர் பாடத்தில் பின்தங்குகிறார். பின்தங்கியதால் அடுத்த வகுப்பு புரிவதில்லை. புரியாத வகுப்பில் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் மிகுகிறது. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பல பல்கலைக்கழகங்களில் தேர்வெழுதவும் தடை. நண்பர்களோடு தேநீர்க் கடைக்குப் போவதும் நிற்கிறது. நாளில் மகிழ்ச்சி தரக்கூடிய சிறு நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. அமெரிக்க உளவியலார் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பீட்டர் லூயின்சோனும் 1970களில் மனச்சோர்வை இவ்வாறுதான் விளக்கினர்: செயல் குறைவதால் பலன் குறைகிறது, பலன் குறைவதால் செயல் மேலும் குறைகிறது. இதுவும் மூடிய சுற்றுதான். ஒலிபெருக்கியில் ஊளை எழுந்தது. இங்கே ஓசை அடங்கிக்கொண்டே போகிறது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. நாட்டம் வந்தபின் படிப்போம் என்று காத்திருப்பவருக்கு நாட்டம் வருவதில்லை, ஏனெனில் அது பெரும்பாலும் செயலுக்குப் பின்னால் வருவது. நீல் ஜேக்கப்சன் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உடையோரில் ஒரு சாராருக்கு அன்றாடச் செயல்களை மீண்டும் ஒழுங்குபடுத்தித் தொடங்கச் செய்வது மட்டுமே சிகிச்சையாக அளிக்கப்பட்டது. எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாக அவர்களும் தேறினர்.

கனமான மரப்பெட்டியைத் தரையில் தள்ளிப் பாருங்கள். அசைக்கும் வரை ஒரு விசை தேவை. அசைந்த பின் அதைவிடக் குறைந்த விசை போதும். நிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்று பாடத்தில் படித்ததுதான். (உவமையை நெடுந்தொலைவு இழுக்கக் கூடாது, பெட்டிக்கு மனமில்லை.) ஆகவே தொடக்கத்தைச் சிறிதாக்க வேண்டும். 'இன்று மூன்று அலகு முடிப்பேன்' என்ற சபதம் வேண்டாம். 'மாலை ஆறு மணிக்கு நூலகத்தில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, ரிக்கார்டு நோட்டைத் திறந்து, ஒரு படம் வரைவேன்' என்பது போதும். படம் முடிந்தபின் எழுந்து போக உரிமை உண்டு. பெரும்பாலும் போக மாட்டீர்கள். செல்போனை அறையில் விட்டுச் செல்வது நலம். தப்பித்தலுக்கு இத்தனை விரைவாகக் கூலி தரும் கருவி வேறில்லை.

சோர்வுக்கெல்லாம் மனமே காரணம் என்றும் எண்ணிவிடலாகாது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் அசதியாக இருக்கிறது என்னும் மாணவி முதலில் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளட்டும். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. தைராய்டு சுரப்புக் குறைவும் இதே போன்ற அசதியைத் தரும். இவற்றுக்கு மாத்திரை வேண்டும், அறிவுரை போதாது.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

அச்சத்தின் காரணமாகப் படிப்பே நின்றுவிடும் போலிருந்தால், அது கூச்சத்தின் எல்லையைத் தாண்டியது. இந்நிலையைச் சமூக அச்சம் என்ற பெயரில் ஒரு தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல் ஏற்றது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குவது இது. பேச்சு வழிச் சிகிச்சையும், தேவையானால் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. அவ்வாறே, இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் மனம் கவிந்து கிடந்தாலும், உறக்கமும் பசியும் கெட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிர் வாழ்வதே வீண் என்னும் எண்ணம் ஒருமுறை தோன்றினாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். முகம் காட்டிப் பேசக் கூசுபவருக்கு இதுவும் ஒரு முதற்படி.

ஒரு வரைபடம்

வோல்பே தம் நோயாளிகளை, அச்சத்துக்கு 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுக்கச் சொல்வார். இது வெப்பநிலை போல் கருவியால் அளப்பது அன்று. ஒருவருடைய 60ஐ இன்னொருவருடைய 60உடன் ஒப்பிட முடியாது. ஆயினும் ஒருவருடைய எண்களை அவருக்குள்ளேயே ஒப்பிடலாம். அடுத்த கருத்தரங்கு நாளில் இதைச் செய்து பாருங்கள். முதல்நாள் இரவு ஓர் எண். அறை வாசலில் ஓர் எண். பேசி முடித்து இருக்கையில் அமர்ந்ததும், பேசத் தொடங்கியபோது எவ்வளவு, ஐந்தாவது நிமிடத்தில் எவ்வளவு, முடிக்கும்போது எவ்வளவு என்று நினைவிலிருந்து மூன்று எண்கள். நேரத்தைக் கிடையச்சிலும் எண்ணைச் செங்குத்தச்சிலும் குறித்துப் புள்ளிகளை இணையுங்கள். பலருக்கு உச்சம் பேச்சின் நடுவே வருவதில்லை. அறை வாசலிலோ முதல் வாக்கியத்திலோ வந்துவிடுகிறது. உங்களுக்கு எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது கருத்தரங்கின் வளைவையும் அதே தாளில், வேறு நிற மையில் வரைய வேண்டும்.